இரண்டாம் பூச்சுக்கு முன்

துங்காபியில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி
ஒரு ஃபைப்ரோ வீடு.
அது விற்பனைக்கு வரப்போவது
மூன்று பேருக்குத்தான் தெரியும்:
வீட்டுக்காரி ஜோவான்,
வியாழக்கிழமை படம் பிடிக்க ஆள் அனுப்பும் முகவர் பிரெட்,
சுவருக்கு வெள்ளை அடிக்க வந்த நான்.

வெள்ளை என்றால் வெறும் வெள்ளையா?
பருத்தி வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை.
பிரெட் தேர்ந்ததற்கு ‘அமைதி’ என்று பெயர்.
அறைக்கு இரண்டு பூச்சு.
பூச்சுக்கு ஐயாயிரம் கூடும் என்று
விரல் மடக்கிச் சொல்லிவிட்டுக் காரேறினான்.

திங்கள் மதியம்
ஏணியின் நாலாம் படியில் வைத்து உறைத்தது.
உருளையை இழுக்க இழுக்க
இந்த வீடு எனக்கு எட்டாமல்
என் கையாலேயே மேலே போகிறது.
என் நாட்கூலி நானூறு.
நாளுக்கு நான் ஏற்றிவிடுவது பத்தாயிரம்.

யசோதினி சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள்,
வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிச் சீருடையோடு.
ஏழு ஏலங்களில் கை உயர்த்தியவள்.
ஏழிலும் அவள் கைக்குப் பிறகு இன்னொரு கை;
ஒருமுறை அது எங்கள் பல் வைத்தியருடையது.
குழாயைத் திறந்தாள். மூடினாள்.
சிங்குக்கு அடியில் தலையை நுழைத்து மணந்தாள்.
“ஈரம் கிடக்கு” என்றாள், அப்படியொரு சந்தோஷம்.
மற்றவர் முகம் சுளிக்கும் இடத்தில்தான்
எங்களுக்குக் கொஞ்சம் இடம்.

வங்கிக் கடிதம் தொண்ணூறு நாளுக்கு.
எழுபத்தொன்று போய்விட்டது.

பிரெட்டின் படிவம் மேசையில் கிடந்தது,
கையெழுத்து இல்லாமல்.
பெயின்ட் தெறிக்காதிருக்க மேசைக்குத் துணி போர்த்தியவன் நான்.
பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜோவான் பின்படியில் சிகரெட்டோடு இருந்தாள்.
முதலில் வெயிலைப் பற்றிக் கதைத்தேன்.
பிறகு அவள் நாயைப் பற்றி.
பிறகு ஒரே மூச்சில்:
பலகை நடவேண்டாம்,
சனிக்கிழமை முப்பது பேர் சப்பாத்தோடு நுழைந்து
உன் அலுமாரியைத் திறந்து மணக்கவேண்டாம்.
(மணந்தவளின் புருஷன் சொல்கிறேன்.)

“எவ்வளவு?”

தாள் இல்லை.
மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
அவள் அதைத் தன் முழங்காலில் ஒட்டி வாசித்தாள்.
ஒரு ரயில் போனது.
“பிரெட் இதைவிடக் கூடச் சொன்னான்.”
“பிரெட் சொன்னது இரண்டு பூச்சுக்கு.”
சிரித்தாளா, இருமினாளா,
புகைக்குள் தெரியவில்லை.

இரவு முழுக்க யசோதினி
பழைய மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டாள்.
எனக்கு வேறு கணக்கு.
குளியலறை வெடிப்பைப் பட்டி வைத்து மூடியது நான்;
அதற்குக் கூலி இன்னும் வரவில்லை.
வாங்குபவன் கண்ணில் படாமல் மூடு என்றார்கள்.
மூடினேன்.
இப்போது அந்தக் கண் என்னுடையது.

செவ்வாய்க் காலை
சாவி பூச்சட்டிக்கு அடியில். ஜோவான் இல்லை.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் என் டேப்.
என் தொகைக்குக் கீழே பேனாவால் இன்னொன்று,
பதினையாயிரம் கூட.
அதற்கும் கீழே, இடம் போதாமல்
ஓரத்தில் வளைந்து இறங்கும் எழுத்தில்:
“சமையலறைக்கு என்ன நிறம் வேண்டுமென்று
உன் மனைவியைக் கேள்.
பெயின்ட் செலவு உன்னது.”

பதினையாயிரம்.
என் கூலியில் முப்பத்தேழரை நாள்.
அந்த அரை நாளைத்தான்
ஏனோ திரும்பத் திரும்ப எண்ணுகிறேன்.

திறக்காத ‘அமைதி’ வாளியின் மேல் குந்தியிருந்து
யசோதினிக்கு அழைக்கிறேன்.
அவள் வார்டில் நிற்பாள், கையுறையோடு.
மணி போய்க்கொண்டிருக்கிறது.
சிங்குக்கு அடியில் ஒரு சொட்டு
விழுகிறது.
கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.